சிட்டையில் ஒரு தீவு

செவ்வாய்ப்பேட்டையில் அப்போது கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார மணிக்கு 30 ரூபாய். அப்பா கொடுக்கும் கைச்செலவு வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குத்தான் காணும். மீதி வாரம் முழுக்க நேரம் சும்மா கிடந்தது.

சென்டரில் இருந்தது 'மிஸ்ட்' சிடி. 1993-இல் அமெரிக்காவில் ராண்ட், ராபின் என்ற மில்லர் சகோதரர்கள் செய்த ஆட்டம். சுட வேண்டாம், ஓட வேண்டாம். ஆளில்லாத தீவில் நாமே நடப்பதுபோல் போய், துப்புத் துலக்கிப் பூட்டைத் திறக்க வேண்டும். அசல் பெட்டியில் குறிப்பெழுத ஒரு வெற்று நோட்டும் உண்டு. எங்களுடையது காப்பி சிடி, நோட்டுக்கு எங்கே போவது? லீ பஜாரில் எங்கள் மண்டியின் பழைய சிட்டைதான். ஒரு பக்கம் சீரகம், மல்லி, வரமிளகாய். பின்பக்கம் கோபுரம் எந்தத் திசையில் திரும்பினால் என்ன தெரியும் என்ற கணக்கு. அப்பா புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தக் கோபுரம் எந்தப் பார்ட்டிடா? பாக்கி எவ்வளவு?"

இன்று மண்டி என் பொறுப்பு. லேப்டாப் இருக்கிறது, தள்ளுபடியில் வாங்கிப் போட்ட ஆட்டங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. விடிந்தால் லோடு, பகலெல்லாம் வியாபாரம், மாதம் 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. விளையாடவும் அட்டவணை போட்டேன்: ராத்திரிக்கு ஓர் அறை. 2007-இல் வந்த 'போர்ட்டல்' அதற்குத் தோது. 19 வரை எண்ணிட்ட சோதனை அறைகள், மொத்தமே மூன்று நான்கு மணி நேரம் என்கிறார்கள். ஆடி பிறந்தது, மாரியம்மன் பண்டிகையும் முடிந்தது; நான் பாதியில் நின்றேன்.

பத்தாம் எண் அறை. நீல வாசலை நாம் போடலாம், ஆரஞ்சு வாசல் சுவரில் ஏற்கெனவே இருக்கும். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். எதிர்மேடை மட்டும் எட்டவில்லை. நடந்து நுழைந்தேன், ஓடி நுழைந்தேன், பள்ளத்தில் விழுந்தேன். மறுநாள் லாரியிலிருந்து சாய்பலகையில் விட்ட சர்க்கரை மூட்டை தரையில் நாலடி தள்ளிப் போய்த்தான் நின்றது. "அண்ணா, தள்ளி நில்லுங்க!" என்று லோடுமேன் கத்தினார். எனக்கு விளங்கிவிட்டது. உயரத்திலிருந்து தரையில் உள்ள வாசலுக்குள் குதிக்க வேண்டும். விழுந்த வேகம் குறையாமல் சுவர் வாசல் நம்மை எதிர்மேடைக்கு எறிந்துவிடும்.

அன்றும் பூட்டுகள் திறந்தது சென்டரில் அல்ல, தராசு முன்னால்தான். காசில்லாமல் யோசித்தது அப்போது, நேரமில்லாமல் யோசிப்பது இப்போது. சுடுகிற ஆட்டத்தை ஒரு வாரம் விட்டால் கை மறந்துபோகும். புதிர் ஆட்டமோ அணைத்த பிறகும் ஓடுகிறது.

ஒரே குறை, தலைசுற்றல். மிஸ்டில் பெரும்பாலும் நின்ற படங்கள். போர்ட்டலில், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு முறை குதித்தால் போதும். வயசும் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் ஆட்டம் செய்த கம்பெனியைத்தான் சொல்கிறேன்.

நேரமில்லாதவர்களுக்கு ஒன்று: அறையை முடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மாட்டிக்கொண்ட இடத்திலேயே அணைத்துவிடுங்கள். மீதியை மறுநாள் கடையில் பார்த்துக்கொள்ளலாம். 20-ஆம் தேதி மட்டும் வேண்டாம்.