கழற்றி வைத்த கூரை

அந்தமானின் ஷாதிபூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு அந்தக் காலத்தில் கதவே கிடையாது. நான்கு படாக் மரத் தூண்கள், மேலே தகரம், மூன்று பக்கமும் பலகை அடைப்பு. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும். மழை சாய்த்து அடித்தால் பாதித் தரை நனைந்துவிடும். 1990-களில் அப்பா வாங்கிய மாருதி ஜிப்ஸி அங்கேதான் நின்றது. கழற்றிய மாதங்களில் அதன் ஃபைபர் கூரைக்கும் அதுவே இடம். இன்று அதே இடத்தில் கான்கிரீட் ஷெட், ஷட்டர், டைல்ஸ் தரை. ஒரு சொட்டு மழை உள்ளே வராது. ஆனால் கூரை கெடத் தொடங்கியது இங்கே வந்த பிறகுதான்.

அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அது ஓய்வதற்குள் வடகிழக்கு தொடங்கி டிசம்பர் வரை நீளும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் திறந்த வண்டிக்கு ஏற்ற காலம். பொங்கல் முடிந்ததும் அப்பா ஸ்பேனரை எடுப்பார். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டு வங்காளி தாதா, எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர், சித்தப்பா, அப்பா என நான்கு பேர் நான்கு மூலையில் நிற்பார்கள். "ஏக், தோ, தீன்" என்றதும் கூரை ஒரே மட்டத்தில் மேலே எழும். ஒரு மூலை முந்தினாலும் ஃபைபர் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் விரிசல் விடும். அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

கூரையை அப்பா ஒருநாளும் வெறும் தரையில் வைத்ததில்லை. சாத்தம் மர ஆலையில் அறுத்த படாக் துண்டுகளை வாங்கி, வண்டியின் மேல்விளிம்பு அளவுக்கே ஒரு சட்டம் செய்திருந்தார். வண்டிமேல் எப்படி உட்காருமோ அப்படியே சட்டத்தின்மேல் அது உட்காரும். காரணம் எளிது. ஃபைபர் கூரையின் எடை இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் விழுந்தால், வெயில் சூட்டில் மாதக்கணக்கில் மெல்ல வளைந்துவிடும். பிறகு மாட்டும்போது போல்ட் துளைகள் நேருக்கு நேர் வராது. ரப்பர் பீடிங்கும் எடையைத் தாங்கக் கூடாது. நசுங்கினால் மறுபடி உப்பாது, மழைக்கு ஒழுகும். கூரையை நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்கி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, பீடிங்கில் கிளிசரின் தடவி, பழைய வேட்டியால் மூடுவார். போல்ட்டுகள் கிரீஸ் பூசிய பாட்டிலுக்குள் போகும். தார்ப்பாயைத் தொடவே மாட்டார்.

தலைக்குமேல் கட்டித் தொங்கவிடலாமே என்று சித்தப்பா கேட்பதுண்டு. உலகெங்கும் அந்த வழக்கம் இருக்கிறது. 1963-ல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்எல் காருக்கு நடுவில் பள்ளமான இரும்புக் கூரை. பகோடா என்ற செல்லப்பெயரே அதனால் வந்தது. அதைக் கப்பி போட்டு உத்தரத்தில் ஏற்றி வைப்பவர்கள் ஏராளம். ஆனால் நில அதிர்வு அபாயத்தில் அந்தமான் நாட்டிலேயே மிக உயர்ந்த வகையைச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஆறரை மணி வாக்கில் பூமி ஆடியபோது எங்கள் ஷெட்டில் அலமாரிச் சாமான்கள் எல்லாம் கீழே விழுந்தன. சட்டத்தில் இருந்த கூரை அசைந்ததோடு சரி. அதன்பின் சித்தப்பா கப்பி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

பலகை ஷெட்டை இடித்துக் கான்கிரீட் கட்டிய பிறகு எல்லாம் பத்திரம் என்றுதான் வீட்டில் நினைத்தோம். இரண்டு மழைக்காலம் போனதும் கூரையின் உள்துணியில் பூஞ்சை வாடை வந்தது. பீடிங்கில் கரும்புள்ளிகள் தோன்றின, இரும்புப் பட்டைகள் துருவேறின. மழையில் நனைந்த வண்டி எஞ்சின் சூட்டோடு உள்ளே வருகிறது. ஷட்டர் இறங்குகிறது. ஆவியான ஈரம் போக வழியின்றி, இரவுக் குளிரில் சுவரிலும் கூரையிலும் நீராகப் படிகிறது. கடற்காற்று கொண்டுவந்த உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பழைய ஷெட் மழையை உள்ளே விட்டது உண்மைதான். அதே பலகை இடுக்குகளில் காற்று வந்து மறுநாளே உலர்த்திவிட்டது. நனைவதைவிட உலராமல் கிடப்பதுதான் தீவில் பொருளை அழிக்கிறது.

எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று கீழேயும் ஒன்று உயரத்திலுமாக இரண்டு துவாரங்கள் போட்டு எலி வலை அடித்தோம். சட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். புது ஷெட்டில் கூரைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி போட்டோம். வாடை போய்விட்டது. அப்பாவின் படாக் சட்டம் இன்னும் வளையாமல் நிற்கிறது. 2002-ல் உச்ச நீதிமன்றம் இங்கே மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிறகு அப்படியொரு படாக் சட்டம் செய்ய நினைத்த மாத்திரத்தில் மரம் கிடைக்காது.

அந்நாளில் ஒரு பீடிங் வேண்டுமென்றால் சென்னைக் கப்பலுக்குக் காத்திருந்தோம். இப்போது போனிலேயே எதையும் வரவழைக்கலாம். ஆனால் ஜிப்ஸியின் பொது விற்பனை 2019 வாக்கில் நின்றுவிட்டது. நல்ல கூரை எந்தக் கப்பலிலும் விமானத்திலும் வருவது அரிதாகிவிட்டது. தூக்க நான்கு பேர் சேர்வதற்கும் முன்கூட்டியே போன் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் வருகிறார்கள்; தாதாவின் மகன் இப்போது அவர் நின்ற மூலையில் நிற்கிறார்.

பழைய ஜிப்ஸியோ ஜீப்போ வாங்க நினைக்கும் ஷாதிபூர் இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான்: எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஷெட்டைப் பாருங்கள். கூரை முழுசாக உட்கார ஒரு சட்டத்துக்கு இடம் இருக்கிறதா, காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகிறதா, தூக்கிவைக்க நான்கு வீட்டுக்காரர்களைத் தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கழற்றி வைத்ததைப் பேணத் தெரிந்தவரிடம்தான் அந்த வண்டி நிலைக்கும்.