முதுகுப்பைக் கொக்கி: முறிவும் ஊசியிலா மீட்பும் – ஒரு பன்முக நோக்கு

கருத்தரங்கு எதற்குப் போனாலும் பதிவுக் கட்டணத்துக்கு ஈடாக ஒரு கோப்பு, ஒரு பேனா, மதியச் சாப்பாட்டுச் சீட்டு, முதுகில் மாட்டும் ஒரு பை ஆகியவை கைக்கு வரும். கோப்பில் உள்ள கட்டுரைகளைப் பற்றிக் கட்டுரைகளும், அவற்றைப் பற்றி மறுகட்டுரைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பையின் பிளாஸ்டிக் கொக்கி நிறைவு விழாவுக்கு முன்பே உடைந்துவிடுவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆய்வுலகின் இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (இடைவெளி இல்லாமல் ஆய்வேட்டைப் பதிவு செய்ய விடமாட்டார்கள். ஆகவே இடைவெளியை முதலில் கண்டுபிடித்துவிட்டுத் தலைப்பைப் பிறகு தேடுவதே மரபு.)

ஆய்வு எல்லை: கல்லூரிப் பை, லேப்டாப் பை, மலையேறுவோர் சுமக்கும் பெரும்பை ஆகியவற்றில், இரண்டு ஓரங்களையும் விரலால் அழுத்தினால் 'டக்' என்று விடுபடும் பிளாஸ்டிக் பக்கிள் மட்டும். ஜிப்பும் வெல்க்ரோவும் வேறு துறையினரின் மேய்ச்சல் நிலம். அங்கே தலையை நீட்டினால் நெறியாளர்களுக்குள் சண்டை வரும். கருதுகோள்: பக்கிள் உடையும்.

காலப் பகுப்பு இல்லாத ஆய்வு கரை சேராது. நியூயார்க்கின் வால்டர் ஹன்ட் 1849-இல் பாதுகாப்பு ஊசிக்குக் காப்புரிமை வாங்கி, அதை 400 டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். அன்று தொடங்குவது ஊக்குக் காலம். தமிழ்ப் பெண்களின் வளையலிலும் தாலிக்கொடியிலும் அது இன்னும் முடியவில்லை. 1958-இல் தாமஸ் அண்டு பெட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகளைக் கட்டுவதற்காகக் கேபிள் டையைக் கொண்டுவந்தது. 1979-இல் பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும் பக்கிளுக்கு இல்லினாய் டூல் வொர்க்ஸ் நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இது பக்கிள் காலம். அது உடைந்து, அந்த இடத்தில் மறுபடியும் ஊக்கு குத்தப்படும் காலத்தைப் பக்கிள் மருவிய காலம் என்க. இதனை இருண்ட காலம் என்பர் ஒருசாரார். பைக்குள் சாவி தேடும்போது விரலில் ஊக்கு குத்தியவர்கள் அவர்கள்.

பக்கிளின் மூலப்பொருளை நோக்கினால் மூன்று பிரிவுகள் தென்படும். தலையாயது அசிட்டால்: டூபான்ட் நிறுவனம் 1960-இல் டெல்ரின் என்ற பெயரில் சந்தைக்கு விட்ட கெட்டிப் பிளாஸ்டிக். விறைப்பும் உண்டு, வளைத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணமும் உண்டு. இடையாயது நைலான், அதே டூபான்டின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935-இல் உருவாக்கியது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடையாயது பாலிப்ரொப்பிலீன். விலை குறைவு என்பதால் சும்மா கொடுக்கும் பைகளில் பெரும்பாலும் இதுவே வாய்க்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இதை நாளடைவில் அப்பளமாக்கிவிடும். பையைத் துவைத்து மொட்டைமாடியில் ஒரு வாரம் மறந்துவிடுகிற வீடுகளில் பக்கிள் நீடிப்பதில்லை.

உடைவதற்கு முன் பக்கிள் தகவல் சொல்லும். நுழையும் பாதியில் வெளிப்புறமாக இரண்டு வளையும் கைகள், நடுவே வழிகாட்டும் ஒரு நாக்கு. கை அடித்தட்டோடு சேரும் வேரில், கறுப்புப் பிளாஸ்டிக்கின்மேல் மயிரிழை அளவுக்கு வெளிறிய கோடு ஒன்று விழும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வேர் வளைகிறது, கோடு நீள்கிறது. ஒருநாள் பேருந்துப் படிக்கட்டில் கை கையோடு வந்துவிடும். வாங்கும் பாதியின் கதை வேறு. அது தரையில் தொங்கிக்கிடந்து, சுழல் நாற்காலியின் சக்கரத்திலோ கார்க் கதவிலோ நசுங்குகிறது. முன்னதை இயற்கை மரணம் என்றும் பின்னதைத் துர்மரணம் என்றும் பகுத்துக்கொள்ளலாம். சுமையும் ஒரு காரணமே. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் அனுப்பிய சுற்றறிக்கை, ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பைக்கு 1.5 கிலோ என்றும் பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ என்றும் வரம்பு கட்டியது. நெறியாளர் வீட்டுக்கும் துறைக்குமாகச் சுமந்து திரியும், திருத்தப்படாத ஆய்வேடுகளுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

இனி ஆய்வின் உயிர்நிலை. வணிக உலகம் நுழையும் பாதியை ஆண் என்றும், வாங்கும் பாதியைப் பெண் என்றும் வழங்குகிறது. இங்கேதான் இலக்கணம் இடறி விழுகிறது. தொல்காப்பியம் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றும், அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டும் வகுத்தது. பிளாஸ்டிக்கை உயர்திணை என்று வாதிட இதுவரை யாரும் துணியவில்லை. அப்படியானால் ஆண் பாதி உடைந்தானா, உடைந்ததா? பூட்டியிருக்கையில் ஒன்றன்பால், விடுபட்டதும் பலவின்பால் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பாதி உடைந்தபின் வாரில் தனியே தொங்குவது எப்பால்? வழுவமைதி என்று ஒருசாரார் கைகழுவினர். மற்றொரு சாரார் இக்கேள்விக்காகவே இரண்டுநாள் பயிலரங்கு நடத்தி, அதில் பங்கேற்றோருக்கெல்லாம் பை வழங்கினர். மூன்றாம் சாரார் கேள்வியைக் காதில் வாங்காமல் ஊக்கு தேடிப் போய்விட்டனர்.

வெளிச்சம் மரபியலில் இருக்கிறது. அங்கே அஃறிணை உயிர்களுக்கு ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், இளமைப் பெயர் என்று நீண்ட பட்டியல்களே உண்டு: களிறு, கடுவன், சேவல்; பிடி, மந்தி, பெடை; பறழ், குட்டி, கன்று. விலங்குக்கு ஆகிவந்தது பக்கிளுக்கு ஆகாதா? 50 மில்லிமீட்டர் இடுப்புவார்ப் பக்கிளின் ஆண் பாதியைக் களிறு எனலாம். 25 மில்லிமீட்டருக்குக் கடுவன் போதும். நெஞ்சுவாரில் வரும் 15, 20 மில்லிமீட்டர்ச் சிறுசுகள் பறழா குட்டியா என்பதில் ஒரு முனைவர் பட்டமே ஒளிந்திருக்கிறது. இக்கலைச்சொற்களைக் களத்தில் சோதித்தபோது, "இருபத்தஞ்சு மில்லியில் ஒரு கடுவன் கொடுங்க" என்ற விண்ணப்பத்துக்குக் கடைக்காரர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஜோடியாத்தான் வரும் சார், தனியா தர்றதில்ல" என்றார்.

அவர் சொன்ன ஒற்றை வரியில் முந்தைய இரண்டு பத்திகளைவிடச் சரக்கு அதிகம். அளவு ஒன்றாக இருந்தாலும் ஒரு நிறுவனத்து ஆண், இன்னொரு நிறுவனத்துப் பெண்ணோடு பொருந்துவது அபூர்வம். அச்சுக்கு அச்சு கையின் நீளமும் பல்லின் சரிவும் மாறும். ஆகவே ஒரு பாதி உடைந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். நன்றாக இருக்கும் பழைய பாதி இழுப்பறைக்குப் போகும் (சான்று: அடுக்களை இழுப்பறை, வலப்புறம்). தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது (மேலது, தீர்ந்த பேட்டரிகளுக்குக் கீழே). இவ்வாறு சேரும் ஒற்றைப் பாதிகள் எந்தக் காலத்திலும் எந்தப் பைக்கும் பொருந்தியதாகச் செய்தி இல்லை (மேலதன் கீழது, பொங்கலுக்குத் துடைத்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் காணப்பட்ட ஆண் பாதி இதில் விடுபட்டுள்ளது, பாடபேதத்துக்குக் காண்க: வாஷிங் மெஷினின் அடிப்புறம், பூனை உருட்டிய படி, சிதைந்த நிலையில்).

இத்துறைக்கு நூற்பா இல்லாத குறையை ஆய்வே இயற்றி நீக்கிக்கொண்டது:

வாரின் அகலம் அளந்துகொள் ளாது
கடைக்குச் செல்வோன் இருமுறை செல்லும்.

அளக்க வேண்டியது வாரை, உடைந்த பக்கிளை அன்று. பக்கிளின் வெளி அகலம் வாரைவிட எப்போதும் கூடுதல். பள்ளிக்கூட ஸ்கேலை வாரின் குறுக்கே வைத்து மில்லிமீட்டரில் படித்தால் பெரும்பாலும் 15, 20, 25, 38, 50 என்பவற்றில் ஒன்று வரும். 'இருமுறை' என்றது சிறுமை பற்றி. மும்முறை சென்றாரும் உளர் என்பது உரையிற் கொள்ளப்படும்.

செய்முறை எளிது. ஆய்வேடுகளில் அது கடைசி இயலில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒதுங்கிக் கிடப்பதும் அதனால்தான். பக்கிளின் ஒரு பாதி, வாரை இழுத்து நீளம் கூட்டிக் குறைக்கும் பக்கம் இருக்கும். அங்கே வார் வெறுமனே கோக்கப்பட்டிருப்பதால் உருவிவிட்டுப் புதியதில் அதே வழியில் கோத்தால் முடிந்தது. ஒரே தடை வாரின் நுனி மடித்துத் தைக்கப்பட்டிருப்பது. மடிப்பைத் தட்டையாக அழுத்தி, ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பித் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் மடிப்பை வெட்டி, பிசிர் நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும். ஊதுபத்தியின் கங்கே போதும். பாலிப்ரொப்பிலீன் வார் 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும். நைலானுக்கு 220-ஐ ஒட்டிய சூடு வேண்டும். பருத்தி வார் இளகாது, எரியும்.

மறுபாதிதான் வில்லங்கம். அது வாரின் மடிப்புக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். இதைப் பார்த்ததும் வாரை வெட்டுபவர்கள் வெட்டியபின் தையற்கடைக்கு நடக்கிறார்கள். வெட்ட வேண்டியது உடைந்த பக்கிளின் குறுக்குக்கம்பியை. கட்டிங் பிளேயரால் இரண்டு இடத்தில் கடித்தால் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், தைத்த மடிப்பு முழுசாகத் தப்பிக்கும். அந்த மடிப்புக்குள் புதிய பக்கிளை ஏற்றுவதற்கென்றே குறுக்குக்கம்பியில் பிளவு விட்ட பக்கிள்கள் உண்டு. மடிப்பின் ஓரத்தைப் பிளவுக்குள் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக முழு அகலத்தையும் உள்ளே நகர்த்த வேண்டும். கம்பிக்குப் பதில் கழற்றி மாட்டும் எஃகு ஊசி வைத்தவையும் இருக்கின்றன. பாரம் தாங்குவதில் அவையே உயர்வு, விலையிலும் அவையே உயர்வு.

இரண்டும் கிடைக்காத ஊரில் சாதாரணப் பக்கிளின் குறுக்குக்கம்பியை ஹேக்சா பிளேடால் சாய்வாக அறுத்துவிடலாம். நேராக அறுத்தால் வார் வந்த வழியே நழுவும். சாய்வாக அறுத்தால் வார் விறைப்பாக நிற்கும்வரை வழுவாது. அறுத்த விளிம்பை எமரி தாளால் தேய்க்காவிட்டால் அது வாரையே அறுக்கத் தொடங்கும். அறுத்த கம்பி முழுக்கம்பியின் பலத்தோடு இருக்காது என்பதால், புத்தகம் சுமக்கும் பைக்குச் சரி, கூடாரம் சுமக்கும் பைக்கு வேண்டாம். பிளேடைப் பிடிக்க அஞ்சுவோருக்கு இன்னொரு வழி உண்டு. பழைய மடிப்புக்குள் அரையடிப் புதுவாரை நுழைத்து, அதன் மறுமுனையில் பக்கிளைக் கோத்து, இரண்டு நுனிகளையும் கடைகளில் அட்ஜஸ்டர் என்று விற்கும் மூன்று கம்பிப் பிளாஸ்டிக்கில் மடக்கி மடக்கி இழுத்தால், உராய்வே தையலின் வேலையைப் பார்த்துவிடும். சென்னைவாசிகள் பெரியமேட்டுத் தோல்சாமான் கடைப் பக்கம் போனால் வார், பக்கிள், அட்ஜஸ்டர் மூன்றையும் ஒரே நடையில் முடிக்கலாம். மொத்தச் செலவு டீ, வடைக் காசு. தைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலைதான். ஆனால் தலைப்பில் 'ஊசியிலா' என்று பதிவு செய்தாயிற்று. தலைப்பை மாற்றப் பல்கலைக்கழகத்துக்குத் தனிக்கட்டணம் கட்ட வேண்டும்.

ஏனைய முறைகள் சுருக்கத்துக்கு உரியன. பசை: அசிட்டாலிலும் பாலிப்ரொப்பிலீனிலும் ஒட்டாது, விரலில் ஒட்டும். முடிச்சு: போடலாம், அவிழ்க்க முடியாது. கேபிள் டை: உறுதியாக நிற்கும், கழற்றக் கத்தரிக்கோல் கேட்கும். சாவி வளையம்: நகத்தைப் பதம் பார்க்கும். பரணிலுள்ள பழைய பையின் பக்கிள்: மிகச் சிறந்தது, ஆனால் இலவசம் என்பதால் இதை எந்த நிதிநல்கைக் குழுவும் ஏற்காது.

இம்முடிபுகள் எவற்றுக்குச் செல்லா என்பதையும் கூறியாக வேண்டும். மலையேறும் கயிற்றுவார், கார் சீட்பெல்ட், தலைக்கவசத்தின் தாடைவார் ஆகியவற்றில் ஹேக்சாவைக் கொண்டுபோகக் கூடாது. தலைக்கவசத்துக்கு ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, அதில் தாடைவாரும் சோதனைக்கு உரியது. கிளிப் உடைந்தபின் வாரை முடிந்துகொண்டும், காதோரம் செருகிக்கொண்டும் வண்டி ஓட்டுவோர் தமிழ்ச் சாலைகளில் மிகுதி. அவர்களுக்குப் புறத்தேர்வாளராக அமைபவர் போக்குவரத்துக் காவலர். அவர் போடும் அபராதம் 1,000 ரூபாய். அடைப்புக்குறிக்குள் 'மேலது' என்று எழுதிக் காட்டினாலும் குறைத்துக்கொள்ள மாட்டார்.