கிண்ணத்துக்குள் தவளை உண்டா?

கே: கடைத்தொகுதி ஃபுட் கோர்ட்டில் சீன இனிப்புக் கடைப் பலகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. முதலில் எதைக் கேட்கலாம்?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

ப: தாவ் சுவான் கேளுங்கள். உள்ளே இருப்பது நம் பாசிப்பருப்புதான். தோல் நீக்கிய பருப்பைக் குழையாமல் வேகவைத்து, பாண்டான் இலை போட்ட சர்க்கரைப் பாகில் சேர்த்து, மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் வர மறுத்துவிட்ட பாயசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே யூதியாவ் என்கிற பொரித்த மாவுத் துண்டுகள் மிதக்கும். பேச்சு நீண்டால் அவை நமுத்துப்போகும். நாத்தனார் கதையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கே: கறுப்பு எள் கூழ் வாங்கினேன். கன்னங்கரேலென்று வந்தது. நம்பிச் சாப்பிடலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

ப: தாராளமாக. வறுத்த எள்ளையும் ஊறிய அரிசியையும் அரைத்துக் காய்ச்சினால் வேறு என்ன நிறம் வரும்? சாப்பிட்ட கையோடு செல்ஃபி மட்டும் வேண்டாம்.

கே: எதுவுமே தித்திக்கவில்லையே! சர்க்கரைக்குத் தட்டுப்பாடா?
– ஜூரோங் வாசகர்

ப: பக்கத்து மேசைச் சீனப் பாட்டியைக் கவனியுங்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அவ்வளவாகத் தித்திப்பில்லை" என்பார். சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நம் வீட்டில் அதையே சொல்லிப் பாருங்கள், இரவுச் சாப்பாடு கிடையாது. அவர்கள் நாக்குத் தேடுவது வேறு. செங் தெங் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளைக் காளான் நறுக்கென்று கடிபடும், உலர்ந்த லோங்கான் பழம் பல்லோடு இழுபறி நடத்தும், பார்லி வழுக்கும், தாமரை விதை மாவாய் உதிரும். பாகு இவர்களையெல்லாம் நனைத்து வைக்க வந்த வேலையாள், மாப்பிள்ளை இல்லை. சூடா, குளிர்ச்சியா என்று கேட்பார்கள். குளிர்ந்தால் இனிப்பு இன்னும் மங்கும். உங்கள் நிலைமைக்குச் சூடே மேல்.

கே: நான் சுத்த சைவம். இனிப்பில் என்ன வந்துவிடப் போகிறது?
– சிராங்கூன் வாசகி

ப: தத்தியும் வரும், ஊர்ந்தும் வரும். ஹாஸ்மா என்று பலகையில் கண்டால் ஒதுங்குங்கள். பளிங்குபோல் மிதக்கும் அந்தத் துண்டுகள் பெண் தவளையின் கருக்குழாய்ப் பகுதியிலிருந்து வருபவை. குய்லிங்காவ் என்ற கறுப்புக் கசப்புக் களியைப் பழைய முறையில் ஆமை ஓட்டையும் மூலிகைகளையும் காய்ச்சிச் செய்வார்கள். இன்று வெறும் மூலிகையில் செய்ததும் கிடைக்கிறது. தியோச்சியூச் சீனர்களின் ஓர் நீ வெறும் சேப்பங்கிழங்கு மசியல்தானே என்று கரண்டியை உள்ளே விட்டுவிடாதீர்கள். அதன் மினுமினுப்புக்குப் பாரம்பரியக் காரணம் பன்றிக்கொழுப்பு. தாங் யுவான் என்னும் அரிசிமாவு உருண்டைக்குள் இருக்கும் எள் பூரணத்திலும் அது ஒளிந்திருக்கலாம். இப்போது சில கடைகளில் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள்; ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒன்றும் கேட்கத் தோன்றாத அன்று தாவ் ஹுவே வாங்குங்கள். சோயாப் பாலை உறையவைத்து, மேலே பாகு ஊற்றித் தருவார்கள். உங்கள் விரதத்துக்குப் பங்கம் வராது.

கே: மாம்பழம், பம்பளிமாஸ், ஜவ்வரிசி சேர்ந்த அந்த மஞ்சள் கிண்ணம் எந்த அரச வம்சத்தில் பிறந்தது?
– வரலாற்று ஆர்வலர், பீஷான்

ப: அரண்மனைப் பக்கம் தேடாதீர்கள். ஹாங்காங்கின் லெய் கார்டன் உணவகம் அதை 1984இல் தன் சிங்கப்பூர்க் கிளைக்காக உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. அந்தக் கணக்குப்படி, 1987இல் ஓடத் தொடங்கிய நம் எம்ஆர்டி ரயிலுக்கு அது மூன்று வயது அக்கா.