இரும்புப் பெட்டியும் இரண்டு வீடுகளும்

1980-களில் துபாய் தேராவில் நாங்கள் தங்கியிருந்த அறையில் ஆளுக்கொரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி. ஊருக்குப் போகும்போது கொண்டுபோகச் சேர்க்கும் சேலை, சென்ட், கோடாலித் தைலம், டார்ச் லைட், கொஞ்சம் வசதி வந்தவரிடம் ஒரு டூ-இன்-ஒன் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பூட்டு பேருக்குத்தான். ராத்திரி வேலைக்காரர் தூங்கும்போது பகல் வேலைக்காரர் போவார், அவர் திரும்பும்போது இவர் கிளம்புவார். அறை ஆளில்லாமல் கிடந்த நேரமே கிடையாது. அந்த அறைக்கு இருந்த ஒரே காவல் அதுதான், அது நல்ல காவல்.

வீடு என்ற சொல்லுக்கு அப்போது எங்களுக்கு ஒரே அர்த்தம், காயல்பட்டினத்து வீடு. எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்கு. தங்கைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று கட்டி முடிக்கத்தான் கடல் தாண்டி வந்தோம். இன்சூரன்ஸ் என்றால் எல்.ஐ.சி. மட்டும்தான் தெரியும். அதையும் வட்டி கலந்தது, சூது கலந்தது என்று என் வாப்பா வயதுக்காரர்கள் ஒதுக்கினார்கள். அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். தகாஃபுல் முறை பரவியபோது அதற்கு ஒரு வழி பிறந்தது. எல்லாரும் நன்கொடையாகப் பொதுநிதியில் போடுவார்கள், இழப்பு வந்தவருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள், நடத்தும் நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். ஊர் ஜமாஅத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது.

பொருள் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் தலைமுறைக்குக் காட்டியது குவைத். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை நுழைந்ததும், குடும்பத்தோடு இருந்தவர்கள் பிரிட்ஜையும் தையல் மெஷினையும் அப்படியே விட்டுவிட்டு ஜோர்டான் வழியாக வெளியேறினார்கள். அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை ஊர் சேர்த்தது. போரில் வரும் சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்பீடு ஏற்பதில்லை. அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். 1991-ல் ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம்தான் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து கொடுத்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை முடிந்தது 2022 ஜனவரியில்! மனு எழுதும்போது பில்லும் போட்டோவும் கையில் இருந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது நாங்கள் இருப்பது ஷார்ஜாவில், குடும்பத்தோடு, வாடகை பிளாட்டில். வாஷிங் மெஷின், டிவி, பிள்ளைகளின் லேப்டாப், பீரோவில் நகை. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு இடத்திலும் பொருள் நிறைந்துவிட்டது, ஆனால் அன்று அறையைக் காத்த ஆட்கள் இரண்டு இடத்திலும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. போன் கிடைக்காமல் இங்கே வளைகுடாவில் இருந்த காயல்காரர்கள் தூக்கமில்லாமல் கிடந்தோம். நான்கே மாதத்தில், 2024 ஏப்ரல் 16-ல், மழை எங்களைத் தேடி இங்கேயே வந்தது. 1949-ல் பதிவு தொடங்கிய நாளிலிருந்து அமீரகம் காணாத மழை. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் மட்டும் 254 மில்லிமீட்டர். ஆண்டு முழுவதும் 100 மில்லிமீட்டர் பெய்வதே அதிகம் என்றிருக்கும் நாடு இது. ஷார்ஜாவில் தெருத் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. தரைத்தளத்துக் கடைகளில் அரிசி மூட்டை மிதந்தது. மேல்மாடியில் இருந்தவர்களும் தப்பவில்லை, பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக வந்த தண்ணீர் ஹால் கம்பளத்தை நனைத்தது.

"கட்டிடத்துக்கு ஓனர் இன்சூரன்ஸ் எடுத்திருக்காரே மாமா, அது போதாதா?" என்று என் மருமகன் அந்த வாரம் கேட்டான். போதாது. ஓனரின் பாலிசி சுவரையும் லிப்ட்டையும் பார்க்கும். உங்கள் சோபாவை அது பார்க்காது. வாடகைக்கு இருப்பவர் வீட்டுச் சாமானுக்குத் தனியாக எடுக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் பெரும்பாலோர் எடுப்பதில்லை. ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் சில நூறு திர்ஹத்துக்குள்தான் வரும்.

பிரீமியத்தைக் குறைக்க நம் ஆட்கள் முதலில் செய்வது சாமான் மதிப்பைக் குறைத்துச் சொல்வது. அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 80,000 திர்ஹம் சாமானை 40,000 என்று எழுதினால், 20,000-க்குச் சேதம் வரும்போது பல பாலிசிகளில் கணக்குப்படி பாதிதான், 10,000-தான் கிடைக்கும். பணம் மிச்சம் பிடிக்க நேர்மையான வழிகள் இருக்கின்றன. சிறு சேதத்தை நாமே ஏற்கிறோம் என்று எக்ஸஸ் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். புதுப்பிக்கும் முன் மூன்று நான்கு கம்பெனியில் விலை கேட்கலாம். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குத் தள்ளுபடி கேட்டு வாங்கலாம். நகைக்குத் தனி உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும். வெள்ளம், புயல் என்ற வார்த்தைகள் பாலிசியில் இருக்கின்றனவா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். கம்பெனி அநியாயமாக மறுத்தால், அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, மத்திய வங்கி ஏற்படுத்திய 'சனதக்' அமைப்புக்குப் போகலாம்.

கோடை விடுமுறையில் எனக்குக் கவலை அதிகம். ஜூன் கடைசியில் பள்ளி மூடியதும் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கும் தண்ணீர்ச் சேதத்துக்கும் பாதுகாப்பைக் குறைக்கும் பாலிசிகள் உண்டு. சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வால்வை மூடி, ஹீட்டரை அணைத்து, ஏசி தண்ணீர்க் குழாய் அடைப்பை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மழைக்காலத்துக்கு முன், நவம்பரில், பால்கனி வடிகாலில் கோடைக்காற்று சேர்த்த மணலை அள்ளுங்கள். அப்படியே ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

ஊர் வீட்டுக்கு இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' இருக்கிறது. எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி வாசகத்தில் தர வேண்டிய பாலிசி. வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அடக்கம். கட்டிடத்துக்கு எடுத்தால் அதன் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் உச்சவரம்பில், உள்ளே இருக்கும் சாமானுக்கும் தானாகச் சேரும். மதிப்பு குறைவாக எழுதினோம் என்று கிளெய்மை வெட்டவும் மாட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை மட்டும் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் வாடகை ஒப்பந்தம் சொந்தப் பெயரில் இருப்பவர்களின் கதை. 2023 ஏப்ரல் 15-ல் தேரா அல் ராஸில் ஒரு குடியிருப்பில் பிடித்த தீயில் 16 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நான் இளவயதில் நடந்து திரிந்த தெருக்கள் அவை. அங்கே இன்றும் கட்டிலுக்கு வாடகை கொடுத்து இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டிக்குப் பதில் சக்கரம் வைத்த பெட்டி, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் வீட்டுக் காப்பீடு எடுப்பது சுலபமல்ல.

அவர்களுக்கு வழியே இல்லை என்று நான் நம்பவில்லை. 2023 முதல் அமீரகத்தில் வேலை இழப்புக் காப்பீடு கட்டாயம், குறைந்த சம்பளக்காரருக்கு மாதம் 5 திர்ஹம். 2024 மார்ச்சில் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் முயற்சியால் தொழிலாளர்களுக்கு ஆயுள் காப்பீட்டுத் திட்டம் வந்தது, ஆண்டுக்கு 37 முதல் 72 திர்ஹம். ஆள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்கும். பெட்டி எரிந்தால் ஒன்றும் கிடைக்காது. இரண்டாண்டு உழைப்பில் வாங்கிய போன், ஊருக்கு எடுத்துப்போக வைத்த நகை, சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. அதே திட்டத்தில் இன்னும் சில திர்ஹம் கூட்டி, தீக்கும் வெள்ளத்துக்கும் இரண்டாயிரம் திர்ஹம் கிடைக்கும்படி ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி நம் சங்கங்கள் துணைத் தூதரகத்திடம் மனுக் கொடுக்கலாம். எமிரேட்ஸ் ஐடி எண் ஒன்றே அதற்குப் போதுமென்று ஆக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் கேட்கக் கூடாது.