சிக்கன லண்டன்: அமிர்தகழியாரின் நகர்காண் முறை

வரைவிலக்கணம்

சிக்கன நகர்காண்டல் என்பது, பிள்ளைகள் போட்டுக்கொடுத்த விமானச் சீட்டில் லண்டன் சென்ற, மட்டக்களப்பின் அமிர்தகழி ஊரவரான அமிர்தகழியார் ஒருவர், கைக்காசு கரையாமல் அந்நகரை அனுபவிக்கும் முறையாகும். தம்மூர் மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடியமாவாசைத் தீர்த்தத்தில் தாராளமாகச் செலவழிப்பவரே லண்டனில் ஒரு தேநீருக்குத் தயங்குகிறார். இது கஞ்சத்தனமன்று, பெருக்கற் கோளாறு.

நோய்க்குறி

ஒரு பவுண் ஏறக்குறைய 400 ரூபா. புதிதாக வந்தவர் எந்த விலையையும் எழுதியபடி வாசிப்பதில்லை. கண்ட மாத்திரத்தில் 400ஆல் பெருக்குகிறார். மூன்று பவுண் தேநீர் 1,200 ரூபாவாகித் தொண்டையில் இறங்க மறுக்கிறது. "வேணா புள்ள, ஊட்ட போய்க் குடிப்பம்" என்பது முதற்குறி. பைக்குள் குழாய்நீர்ப் போத்தல் காணப்படுவது இரண்டாம் குறி.

உறைவிடமும் உணவும்

உறைவிடம் மகள் வீடு. ஹொட்டல் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. காலையில் புட்டும் சம்பலும் முடிந்தே புறப்பாடு. விசேட நாளாயின் ஆர்ச்வே முருகன் கோயிலிலோ ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலிலோ அன்னதானம் கிடைக்கும். பூச்சியத்தை 400ஆல் பெருக்கினாலும் பூச்சியமே என்பதால் அன்று நோய் தணிந்திருக்கும்.

போக்குவரத்து

லண்டன் பஸ் கட்டணம் 2023 மார்ச்சில் 1.75 பவுணானது. பெருக்கினால் 700 ரூபா. எனினும் 2018 முதல், ஏறிய நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த ஒரே கட்டணந்தான். 2014 முதல் பஸ்ஸில் காசும் வாங்குவதில்லை. அட்டையைத் தொட்டால் போதுமாகையால், தாளை எண்ணிக் கொடுக்கும் வேதனை நோயாளிக்கு இல்லை. 15ஆம் இலக்கப் பஸ்ஸின் மேல்தட்டு முன் ஆசனம் சாலச் சிறந்தது: லண்டன் கோபுரம், சென் போல்ஸ் தேவாலயம் எல்லாம் கண்ணாடிக்கு நேரே வரும். சுற்றுலாப் பஸ் காட்டுவதும் பெரும்பாலும் இவற்றையே.

காட்சி

பிரித்தானிய அரும்பொருளகம் 1759இல் திறக்கப்பட்டது. நிரந்தரக் காட்சிகளுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. 33ஆம் அறையில் 143 சென்ரிமீற்றர் உயரமான பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலையாகப் பௌத்தப் பெண்தெய்வம் தாரா நிற்கிறாள்; 8ஆம் நூற்றாண்டினள். வலக்கை வரம் தருகிறது. இடக்கை எதையோ பிடித்திருந்த பாவனையில் வெறுமையாக இருக்கிறது. உயர்ந்த சடாமுடியிலுள்ள மாடமும் வெறுமையே. கிடைத்த இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரை. இலங்கையின் முன்னாள் ஆளுநர் பிரௌன்ரிக் 1830இல் அரும்பொருளகத்துக்குக் கொடுத்தார். ஆக, அமிர்தகழியார் கடல் கடந்து சென்று இலவசமாகக் காண்பது சொந்தக் கரைக்காரியை. அவளைக் கொண்டுபோன செலவு எவ்வளவென்று பெருக்கிப் பார்ப்பவர் இல்லை.

புறநடை

ஊருக்குக் கொண்டுபோகும் சொக்லேற்றுக்கு மேற்கூறிய விதி பொருந்தாது. அயலவர், பேரப்பிள்ளைகள், கோயில் ஐயர் எனப் பட்டியல் நீள்கையில் எவரும் பெருக்குவதில்லை. பொதியின் எடையை மட்டுமே பார்ப்பர்.

முடிபு

லண்டனின் விலையுயர்ந்த பகுதி தேநீர். மலிவான பகுதி வரலாறு. அரும்பொருளகம் டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும். ஏனைய நாட்களில் காலை 10 மணிக்குத் திறக்கும். தண்ணீர்ப் போத்தலை மறவாமல் எடுத்துச் செல்க.