மாமனாரும் 30 மில்லி ஆம்பியரும்

என் கைப்பேசியில் 'எலெக்ட்ரீசியன்', 'எலெக்ட்ரீசியன் புதுசு', 'எலெக்ட்ரீசியன் ஃபேன் மட்டும்', 'எலெக்ட்ரீசியன் எடுக்க மாட்டார்' என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான் இருக்கும். இதில் கடைசி ஆள்தான் வேலையில் கெட்டிக்காரர். அதனால்தான் எடுப்பதில்லை.

தப்பித்தவறி எடுத்துவிட்டால், "கெளம்பிட்டேனுங்க சார்" என்பார். எங்கிருந்தோ கிளம்பியிருப்பார்தான். நம் வீட்டுக்கு என்று அவர் சொல்லவே இல்லையே! பொழுது சாய்கிற நேரத்தில், சட்டைப்பையில் ஒற்றை டெஸ்டருடன் வந்து இறங்குவார். ஸ்டூல், ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், டார்ச் லைட் எல்லாம் நம்முடையவை. சுவிட்ச் போர்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். "இத யாருங்க பாத்தது?" இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடக் கூடாது. முன்பு வந்தவர் இவருடைய சகலையாக இருக்கலாம்.

இப்படியெல்லாம் அவர்களைக் கேலி பேசலாம். ஆனால் நான் பார்த்தவரை, ஒரு வீட்டின் மின்சாரத்துக்கு எலெக்ட்ரீசியனால் வரும் ஆபத்தைவிட வீட்டுக்காரரால் வரும் ஆபத்துதான் அதிகம். சான்றுக்கு என் மாமனார் இருக்கிறார்.

மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சிங்காநல்லூர்ப் பக்கம் 1980களில் பக்கத்திலேயே நின்று கட்டிய வீடு. அந்தக் காலத்துப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். வயர் சூடேறித் தீப்பிடிப்பதற்கு முன்னால் தான் உருகி இணைப்பைத் துண்டிக்க வேண்டும், ஃபியூஸ் கம்பிக்கு அது ஒன்றுதான் வேலை. மாமாவுக்கு இது சுத்தக் கோழைத்தனமாகப் பட்டது. பழைய வயரிலிருந்து செப்பு இழைகளை உருவி, நான்கைந்தை ஒன்றாக முறுக்கிக் கட்டிவிட்டார். அப்புறம் ஃபியூஸ் போனதே கிடையாது. "பாத்தீங்களா மாப்ளே, நான் கட்டுனது இன்னிக்கு வரைக்கும் நிக்குது!" சுவருக்குள் இருக்கும் வயர் கருகினாலும் அது நிற்கத்தான் செய்யும். நல்லவேளையாக, ஏசி வாங்கியபோது கடைக்காரர் பயமுறுத்தியதில் ஃபியூஸ் கட்டைகள் போய் எம்.சி.பி.கள் வந்தன.

ஆனால் கிரைண்டர் அப்படியே இருந்தது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு அதற்கு மேலும் ஒரு தனிக் குணம் உண்டு. தொட்டால் சுர்ரென்று கை வழியாக ஏறும். இதை யாரும் கோளாறாக நினைக்கவில்லை, அதன் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குள் செருப்புக் கூடாது என்று ஊருக்கே சட்டம் போடுகிற என் அத்தை, கிரைண்டருக்கு மட்டும் விலக்கு அளித்து, அதன் அடியிலேயே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தார். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் பாடமே அதுதான். "மாவு வழிக்கறப்ப மட்டும் செருப்பத் தொட்டுக்கோ கண்ணு."

ஒருநாள் 'எடுக்க மாட்டார்' எடுத்துவிட்டார். வந்தும்விட்டார். கிரைண்டர் மேல் டெஸ்டரை வைத்தார். உள்ளே சிவப்பாக எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். "இந்தப் பெரிய பின்னு எதுக்கு நீளமா இருக்குதுங்க? சொருகறப்ப மொதல்ல இது உள்ள போகோணும். உருவறப்ப கடேசியா இது வெளிய வரோணும். கரண்டு வர்றதுக்கு முன்னாடி காவல் வந்துரோணும்ங்க." பிறகு சாக்கெட்டைக் கழற்றினார். பின்னால் பச்சை வயர் இருந்தது. அழகாகச் சுருட்டி, நுனியில் டேப் சுற்றி, எதனோடும் சேராமல் இருந்தது.

"எர்த் குழி எங்கீங்க ஐயா?"

"இருந்துச்சு. கார் நிறுத்தற எடத்துக்கு டைல்ஸ் போட்டப்ப மூடியாச்சு."

வீடு கட்டும்போது இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை நிலத்தில் இறக்கி, சுற்றிலும் ஊறுகாய் போடுவது போல உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டியிருந்தார்கள். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈர மண்தான் மின்சாரத்தை எளிதாக வாங்கிக்கொள்ளும். எங்கள் குழி டைல்ஸுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. அதற்குப் போகிற கம்பியையும் டைல்ஸ்காரர்கள் இடைஞ்சல் என்று நறுக்கியிருந்தார்கள். மோட்டாரிலிருந்து கசிகிற மின்சாரம் பச்சை வயர் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால், ஈரத் தரையில் நின்று கிரைண்டரைத் தொடுகிற ஆள் வழியாகப் போகும். ஆக, இத்தனை வருடமாக எங்கள் வீட்டு எர்த் கம்பி என் அத்தைதான்.

குழியைத் தோண்டிப் புதிதாகக் கம்பி இழுப்பதற்கு மாமா அரை மனதாகச் சம்மதித்தார். அடுத்த யோசனையில்தான் வழக்கு முற்றியது.

"அப்படியே ஒரு ஆர்.சி.சி.பி.யும் போட்டுரலாங்க ஐயா."

"அது என்ன பண்ணும்?"

"துளி லீக் ஆனாலும் கரண்ட கட் பண்ணீருமுங்க."

"கரண்ட கட் பண்றதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கோணும்? அத ஈபிக்காரங்க சும்மாவே பண்றாங்களே!"

எம்.சி.பி. இருக்கும்போது இது எதற்கு என்பது மாமாவின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், பல வீடுகளில் கேட்கிறார்கள். எம்.சி.பி. காவல் காப்பது வயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், மில்லி ஆம்பியர் கணக்கில் 16,000. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 30 மில்லி ஆம்பியரே போதுமாகிவிடலாம். அது ஏறக்குறைய ஒரு 7 வாட் பல்பு இழுக்கிற அளவு. ஓர் ஆள் கரண்டில் ஒட்டிக்கொண்டு துடித்தால், யாரோ வராந்தா லைட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று எம்.சி.பி. நினைத்துக்கொள்ளும். ஆர்.சி.சி.பி. வேறு கணக்குப் பார்க்கிறது. லைனில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ வழிதவறிப் போகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதன் விலை, ஹாலில் தொங்குகிற ஃபேன்சி விளக்கின் விலையைவிடக் குறைவு. அந்த விளக்குக்கு மாமா பேரமே பேசவில்லை. விருந்தாளிகள் அண்ணாந்து பார்க்கிற பொருளாயிற்றே.

வழக்கை முடித்துவைத்தவர் அத்தை. "சரி, போட வேண்டாம். நாளையிலிருந்து மாவு நீங்க வழிச்சுக்குங்க." எலெக்ட்ரீசியன் அப்போதே கடைக்குக் கிளம்பினார். அன்று சொன்ன நேரத்துக்குத் திரும்பியும் வந்தார்.

பொருத்திய மறுநாள் காலையிலேயே ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "எங்க வீட்லயும் இதே தொல்லைதாங்க, எடுத்துட்டு டைரக்ட் குடுத்துட்டோம்" என்று ஆறுதல் சொன்னார். மாமாவின் முகம் மலர்ந்தது. எலெக்ட்ரீசியன் மட்டும் அசையவில்லை. "டைரக்ட் குடுக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சாமானாகக் கழற்றிச் சோதித்தார். கீசரின் காயில் கசிந்துகொண்டிருந்தது. வெந்நீரில் குளித்தால் உடம்பு தனிச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று மாமா பல நாளாகச் சொல்லிவந்ததற்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது.

கூலி கேட்டபோது, "நீங்களே பாத்துக் குடுங்க சார்" என்றார். இதற்குத் தொகையைச் சொல்லியிருந்தால் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

ஆர்.சி.சி.பி. வந்துவிட்டது என்று யாரும் தைரியமாகச் சுவிட்ச் போர்டுக்குள் கை விட வேண்டாம். ஒரு கையில் லைனையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன கரண்டு முழுசாகத் திரும்பிவிடும். அதற்குக் கணக்குச் சரியாக இருக்கும், பிடித்தவர்தான் இருக்க மாட்டார். மெயினை அணைத்துவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும். வீட்டுக்கு வருகிறவரிடம் அரசு தருகிற வயர்மேன் சான்று இருக்கிறதா என்று கேட்பதிலும் தப்பில்லை. குடிவருகிறவரிடம் ஆதார் கேட்கிறோம், எலெக்ட்ரீசியனிடம் ஸ்டூல் வேண்டுமா என்று மட்டும் கேட்கிறோம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொன்னார் எலெக்ட்ரீசியன். மாமா அமாவாசைக்கு அமாவாசை குளித்துவிட்டு வந்து அமுக்குகிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றைக்கே அமுக்குங்கள். கரண்ட் போகவில்லை என்றால் அது கெட்டுவிட்டது, உடனே மாற்றிவிடுங்கள்.