பேனாவின் உள்ளே சுமார்தான்

போர்ச்சுகல் போய்வந்து இரண்டு வருடமாகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாராவது, "சிந்த்ராவுல மஞ்சளும் சிவப்புமா ஒரு அரண்மனை இருக்காமே, உள்ள எப்படி சார்?" என்று கேட்டால், உதட்டைப் பிதுக்கி, "வெளிய பாக்குற அழகு உள்ள இல்ல. சுமார்தான்" என்று சொல்லிவருகிறேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி இலையில் ஊற்றிய பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பாள். தலை நிமிராது. முப்பத்தொரு வருடம் என்னோடு குடித்தனம் செய்து பழகிய பொறுமை அது.

நான் உள்ளே போகவே இல்லை.

எப்படிப் போகாமல் போனேன் என்பதைச் சொல்ல, எக்ஸெல் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. ஓய்வுபெற்ற பிறகு பிழை கண்டுபிடிக்க ஆள் கிடைக்காமல், பயணத் திட்டம் போட ஆரம்பித்தேன். மகனுக்கு லிஸ்பனில் ஒரு வருட வேலை. "வாங்கப்பா, சனிக்கிழமை நானே சிந்த்ரா கூட்டிட்டுப் போறேன்" என்றான். சனிக்கிழமை கூட்டம் அலைமோதும் என்று மறுத்துவிட்டு மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். லிஸ்பனுக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற மலையூர். 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அரண்மனைகள், தோட்டங்கள், மூர்கள் கட்டிய கோட்டை, கடலோரம் போனால் ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியான ரோக்கா முனை. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கி 46 வரியில் அட்டவணை போட்டேன். வரி எண் 14: 'இயற்கையை ரசித்தல், 10:25 முதல் 10:40 வரை'. சிரிக்காதீர்கள். இந்த வரிதான் என்னைக் கவிழ்த்தது.

கிழமை விஷயத்திலும் ஒரு சாமர்த்தியம் செய்தேன். லிஸ்பனில் ஜெரோனிமோஸ் மடம் உட்படப் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சிந்த்ரா அரண்மனைகளுக்குக் கிடையாது. ஆகவே திங்கட்கிழமை சிந்த்ரா. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. திங்கட்கிழமை காலை ரோசியோ ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால், குதிரை லாட வடிவில் இரண்டு வளைவு வைத்த அந்த அழகான வாசலில், லிஸ்பனுக்கு வந்த அத்தனை பேரும் அதே சாமர்த்தியத்தோடு நின்றிருந்தார்கள். அதற்குள் பயண அட்டையில் ஒரு குழப்பம். ஒரே அட்டையில் இருவருக்கும் பணம் ஏற்றிவிட்டேன். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டுமாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவள். "நீங்க போயிட்டு வாங்க, நான் மகன் வீட்டுக்குப் போறேன்" என்றாள், கோபமே இல்லாமல். கோபமில்லாததுதான் பயமாக இருந்தது. அவளுக்கும் ஓர் அட்டை வாங்கி ரயில் ஏறினோம்.

நாற்பது நிமிடத்தில் சிந்த்ரா. மலைக்கு மேலே போகிற 434-ஆம் எண் பேருந்துக்கு நீண்ட வரிசை. நம் ஊர் ஆட்டோ போலவே மூன்று சக்கர வண்டிகள் அங்கே ஓடுகின்றன. ஒருவர் வந்து கூப்பிட்டார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழக்கப்படி அவர் சொன்னதில் பாதியைக் கேட்டேன். பதில் பேசாமல் போனார். எங்கள் ஊரில் போகிற மாதிரி போய்த் திரும்பி வந்து "ஏறுங்க சார்" என்று சொல்வார் என நின்றேன். திரும்பவே இல்லை. பேருந்தில் ஒருவழியாக இடம் கிடைத்து, அந்த மஞ்சள் சிவப்பு அரண்மனையான பேனாவின் பூங்கா வாசலில் இறங்கும்போது மணி 10:22. எங்கள் டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் 10:30. "பாத்தியா, எட்டு நிமிஷம் முன்னாடி" என்றேன். வாசலில் டிக்கெட்டைக் காட்டினோம், பீப் ஒலித்தது, உள்ளே விட்டார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தப் பூங்காவைப் பற்றி நிஜமாகவே சொல்ல வேண்டும். 1838-இல் ராணி இரண்டாம் மரியாவின் கணவர் ஃபெர்னாண்டோ இந்த மலையுச்சியிலிருந்த பாழடைந்த மடத்தை வாங்கினார். ஜெர்மானிய அரச குடும்பத்திலிருந்து வந்து போர்ச்சுகலில் வாழ்க்கைப்பட்ட மாப்பிள்ளை அவர். மடத்தைச் சுற்றி, எஷ்வேகே என்ற ஜெர்மானிய சுரங்கப் பொறியாளரை வைத்து அரண்மனை கட்டினார். சுற்றிலும் இருநூறு ஏக்கருக்கும் மேல் மரம் நட்டார். அமெரிக்க செக்கோயா, ஆஸ்திரேலியப் பக்கத்து மரப்பெரணி என்று உலகம் பூராவும் தேடிக் கொண்டுவந்தவை. ஆளுயரத்துக்கு மேலே குடை விரித்து நிற்கும் மரப்பெரணியை நான் கொடைக்கானலில் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் மனைவியை நிறுத்தி, அட்டவணைப்படி 10:25-க்கு இயற்கையை ரசிக்கத் தொடங்கினேன். ஒன்பது போட்டோ எடுத்தேன். கூடவே விளக்கமும் கொடுத்தேன். "நாம எழுதுற பேனா போர்ச்சுகீஸ் வார்த்தைதான் தெரியுமா? இறகுன்னு அர்த்தம். அந்த இறகுப் பேனாவோட பேருதான் இந்த அரண்மனைக்கு." முதல் பாதி சரி. சாவி, ஜன்னல், அலமாரி போல பேனாவும் அவர்களிடமிருந்து வந்த சொல். இரண்டாம் பாதி நான் அங்கேயே தயாரித்தது. அரண்மனைப் பெயர் பாறை என்ற பொருளுள்ள பழைய சொல்லிலிருந்து வந்ததாம்.

10:40-க்கு ரசிப்பது முடிந்தது. மேலே ஏற ஆரம்பித்தோம். வாசலிலிருந்து அரண்மனைக்குச் சிறு வண்டி விடுகிறார்கள். "கூப்பிடு தூரம்தானே" என்று அதை மறுத்திருந்தேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், தூரம் அப்படி ஒன்றுமில்லை. ஆனால் ஏற்றம் பழனி யானைப்பாதையை நினைவுபடுத்தியது. மூச்சிரைக்க அரண்மனைக் கதவுக்கு வந்தபோது மணி 11. டிக்கெட்டை வாங்கிப் பார்த்த பெண் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், தலையை ஒருபக்கம் சாய்த்து, "கே பேனா" என்றாள்.

நான் மகிழ்ச்சியோடு, "யெஸ், யெஸ், பேனா!" என்றேன்.

அவள் அரண்மனைப் பெயரைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு வருத்தம், பரிதாபம் என்றும் ஒரு பொருள் உண்டு. 'அடடா, பாவமே' என்றிருக்கிறாள். டிக்கெட்டில் போட்ட நேரம் அரண்மனைக் கதவுக்கு உரியது. பூங்கா வாசலுக்கு உரியதல்ல. இடையில் நடக்க அரைமணி ஒதுக்குங்கள் என்று டிக்கெட் வாங்கும்போதே எழுதியிருந்ததாம். மகன் அன்று ராத்திரி எடுத்துக் காட்டினான். அடுத்தவர் ஆவணத்தில் அடிக்குறிப்பைப் படிக்காமல் விட்டார்கள் என்று எத்தனை பேருக்கு நான் குறிப்பாணை அனுப்பியிருக்கிறேன்!

உள்ளே விடவில்லையே தவிர மாடங்களில் சுற்றத் தடையில்லை. சுற்றினோம். ஆனால் மூடுபனி. லிஸ்பனில் வெயில் கொளுத்துகிற ஜூலை மாதத்தில், அட்லாண்டிக் காற்று இந்த மலையில் முட்டி மேகமாக உட்கார்ந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இந்த அரண்மனையின் சாயமெல்லாம் வெளுத்துச் சாம்பல் நிறமாகவே நின்றது. தொண்ணூறுகளின் நடுவில் பழையபடி மஞ்சளும் சிவப்பும் பூசினார்கள். எனக்கென்று அன்றைக்கு மறுபடி சாம்பலாகிவிட்டது. கையெட்டும் தூரத்திலிருந்த ஒரு மஞ்சள் தூணை மட்டும் நன்றாகப் பார்த்தேன். அரைக்கைச் சட்டையோடு நடுங்கினேன். "ஜூலைல யாராவது சால்வை எடுத்துட்டு வருவாங்களா?" என்று காலையில் நான் கேலி செய்த அதே சால்வையை மனைவி எடுத்து என் தோளில் போட்டாள். மயில்கழுத்து நிறம், ஓரத்தில் பூ வேலை. இந்தப் பயணத்தில் தெளிவாக வந்த என் போட்டோ அது ஒன்றுதான்.

மூர்களின் கோட்டை பக்கத்தில்தான். பனியில் கோட்டையும் தெரியவில்லை, போகிற தெம்பும் இல்லை. கீழே ஊருக்குள் இறங்கினோம். நிறுத்தத்துக்கு எதிரே ஊர் அரண்மனை. இதை அட்டவணையில் 'நேரமிருந்தால்' என்ற பகுதிக்குத் தள்ளியிருந்தேன், படத்தில் பார்க்க வெள்ளைக் கட்டடத்தின் மேல் இரண்டு புனலைக் கவிழ்த்த மாதிரி இருந்ததால். மனைவி, "இங்கதான் ஏற வேண்டாம். வாங்க" என்று உள்ளே நடந்தாள்.

அந்தப் புனல்கள் அடுப்படியின் புகைபோக்கிகள். ஒவ்வொன்றும் 33 மீட்டர். அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தால், சுவரே மெல்ல மெல்லக் குறுகி, உச்சியில் ஒரு துளி வெளிச்சமாக முடிகிறது. தனியாகக் கூரை என்று ஒன்றில்லை, சமையலறையே புகைபோக்கிதான். கீழே வரிசையாக அடுப்புகள், செம்புப் பாத்திரங்கள். மனைவி அங்கே முக்கால் மணி நேரம் நின்றாள். அடுப்பு வாயை எட்டிப் பார்த்தாள், பாத்திரத்தின் கைப்பிடியைப் பார்த்தாள். "ராஜாவுக்கு இருநூறு பேருக்குச் சமைச்சிருந்தாலும் ஒருத்தி கண்ணும் எரிஞ்சிருக்காது" என்றாள். எங்கள் வீட்டு அடுப்படிக்குப் புகைபோக்கி விசிறி கேட்டு அவள் விண்ணப்பம் போட்டுப் பதினோரு வருடம். நான் பேச்சை மாற்ற அடுத்த அறைக்குப் போனேன்.

அங்கே கூரை முழுக்க 136 பறவைகள். காக்கை இனத்தில் மேக்பை என்று ஒன்று, வாயாடிப் பறவை. முதலாம் ஜோவோ மன்னர் ஒரு தாதியை முத்தமிடும்போது ராணி ஃபிலிப்பா பார்த்துவிட்டாராம். மன்னர் 'நல்லெண்ணத்தில்தான்' என்றாராம். அரண்மனைப் பெண்கள் ஊரெல்லாம் பேசவே, தலைக்கு ஒரு பறவையாக வரையச் சொல்லிவிட்டாராம். கதைதான். ஒவ்வொரு பறவையின் வாயிலும் அந்தச் சமாதானத்தை எழுதிய நாடா. "மாட்டிக்கிட்டா இப்படித்தான் எல்லாரும் சொல்றது" என்று மனைவி மேலே பார்த்தபடி சொன்னாள். எனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி நின்றேன்.

இன்னோர் அறையில் தேய்ந்த தரை. ஆறாம் அஃபோன்சோ என்ற மன்னரைத் தம்பி பதவியிறக்கி, அவர் மனைவியையும் தான் கட்டிக்கொண்டு, கடைசியில் இங்கே அடைத்துவைத்தார். 1683-இல் சாகும்வரை ஒன்பது வருடம் அந்த ஓர் அறைக்குள்ளேயே நடந்து நடந்து தேய்ந்த ஓடுகள் என்கிறார்கள். அங்கே நாங்கள் இருவரும் பேசவில்லை. மணி பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. அட்டவணையில் அப்போது நான் ரெகலேரா மாளிகைத் தோட்டத்தில் 27 மீட்டர் ஆழக் கிணற்றுக்குள் சுழல்படியில் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு ஒரு கல் பெஞ்சில் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து புளிசாதம். அந்த ஊர்ப் பலகாரமான 'தலையணை' ஒன்றை வாங்கி நான் மட்டும் தின்றேன். இறைச்சி இருக்கிறதா, மீன் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கறாராக விசாரித்த சுத்த சைவன், பாதாமோடு முட்டைக் கருவும் சேர்ந்தது என்று ராத்திரிதான் அறிந்தேன். சாயங்காலம் மொன்செராத் தோட்டத்துக்குப் போகிற பேருந்தில் ஏறி, உட்கார்ந்த உடனே தூங்கிப்போனேன். எழுப்பியபோது தோட்டம் வந்திருந்தது.

தூங்கிய அந்தச் சில நிமிடத்தில் எதைக் கடந்தேன் என்பது ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. வழியில் பென்யா வெர்தே என்று ஒரு பழைய தோட்ட வீடு. கோவாவில் போர்ச்சுகீசிய வைஸ்ராயாக இருந்து 1548-இல் அங்கேயே இறந்த ஜோவோ தெ காஸ்த்ரோவுடையது. அங்கே ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. அவர் காலத்தில் குஜராத் கரையிலிருந்து கொண்டுபோனது என்கிறார்கள். வாகேலா மன்னன் சாரங்கதேவன் காலத்தது, 1287-ஆம் ஆண்டு. இந்தியவியல் அறிஞர் ஜார்ஜ் பியூலர் இதை 'எபிகிராஃபியா இண்டிகா' என்ற கல்வெட்டு வெளியீட்டின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். சிந்த்ரா பிரசஸ்தி என்றே பெயர். திரிபுராந்தகர் என்ற பாசுபதத் துறவி கேதாரம், பிரயாகை, ஸ்ரீபர்வதம் எல்லாம் போய், தெற்கே இராமேசுவரம்வரை யாத்திரை செய்து, சோமநாதபுரத்தில் ஐந்து கோயில் எடுப்பித்த வரலாறு அதில் இருக்கிறது. தனியார் இடம், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மாதிரி இல்லை. மதிலையாவது பார்த்திருக்கலாம். நாற்பத்தாறு வரி போட்டவன், எங்கள் இராமேசுவரத்தைச் சொல்லும் கல் இருக்கிற மதிலைக் குறட்டை விட்டுக் கடந்திருக்கிறேன்.

46-இல் 11 வரிக்குப் பச்சை அடித்தேன். அதில் ரயில் ஏறியது, ரயில் இறங்கியது இரண்டும் சேர்த்தி.

போன வாரம் மனைவியின் அண்ணன் போன் செய்தார். செப்டம்பரில் அவரும் அண்ணியும் போகிறார்களாம், என் கோப்பு வேண்டுமாம். "நீங்க போட்டா கணக்கா இருக்கும் மச்சான்" என்றார். அனுப்பிவிட்டேன். டிக்கெட் நேரம் பற்றி அதில் ஒரு வரியும் சேர்க்கவில்லை. சேர்த்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மச்சான், 10:30 என்றால் அது அரண்மனைக் கதவு. பூங்கா வாசலில் ஒன்பதே முக்காலுக்கே இருங்க. திங்கட்கிழமை வேண்டாம். அண்ணியை ஒரு சால்வை எடுத்துக்கச் சொல்லுங்க. உள்ளே எப்படி இருந்தது என்று வந்து எனக்குச் சொல்லுங்க.